சண்டைக்குள்ள வாழ்ந்த சனத்தோட சண்டைப் படம் பாக்கிறதும் புத்தகம் வாசிக்கிறதும்: ஊர் வாசிகசாலைக்கு ஒரு முழு வழிகாட்டி

ஊர்ச் சனசமூக நிலையத்தில ஒரு மாசம் படம் போட்டு, அடுத்த மாசம் கதை வாசிச்சு, அதைப் பற்றிக் கூடி இருந்து கதைக்கவேணும் எண்டு நினைக்கிற பெடியள் பெட்டையள் கனபேர் என்னட்டை வந்து கேக்கினம், எதால தொடங்கிறது எண்டு. அதுவும் யுத்தக் கதையள்தான் வேணுமாம். நான் யாழ்ப்பாணத்தில வலிகாமம் பக்கம் ஒரு வாசிகசாலையில இதைச் செய்துகொண்டு வாறன், வேற ஊருகளில புதுசாத் தொடங்கினவைக்குப் பக்கத்தில போயும் நிண்டிருக்கிறன், எல்லாரும் ஒரே இடத்திலதான் தடக்குப்படுகினம். நல்ல படத்தைத் தேடிப் பிடிக்கிறதிலயே முழு நேரத்தையும் செலவழிச்சிட்டு, அதைப் பாக்க வாறது ஆர் எண்டதைக் கடைசியா யோசிக்கினம். ஒழுங்கு பிழைச்சா நல்ல படமும் ஒரு ஆளை நோகப்பண்ணிப்போடும், அதால கீழ இருக்கிற ஒழுங்கை மாத்தாமச் செய்யுங்கோ.

தொடங்க முதல் கையில இருக்கவேண்டியது

ரெண்டு வாசல் உள்ள ஒரு மண்டபம். ஒரு வாசல் மட்டும் எண்டா அது திரைக்குப் பக்கத்தில இருக்கக்கூடாது, ஏனெண்டா எழும்பிப் போறவர் எல்லாருக்கும் முன்னால நடந்து போகவேண்டி வரும், அந்த வெக்கத்திலயே எழும்பாம இருந்திடுவார்.

புரொஜெக்டர், லப்ரொப், ஸ்பீக்கர், வெள்ளைத்துணி, யன்னலை மறைக்கப் படங்கு, பற்றறியில எரியிற லைற் ஒண்டு. ஆக்கள் குறைஞ்சது 3 பேர்: ஒருத்தர் மெசினோட, ஒருத்தர் கதைக்கிறதுக்கு, ஒருத்தர் வாசலடியில. வாசலடி ஆளைத்தான் எல்லாரும் விடுகினம். அந்த ஆள் இல்லாட்டி நிகழ்ச்சியை வைக்காதேங்கோ.

1. வாற ஆக்களை முதல் அறியுங்கோ

எங்கட ஊரில 'யுத்தம்' எண்ட சொல்லு எல்லாருக்கும் ஒண்டில்லை. 1990 இல மயிலிட்டி, பலாலிப் பக்கத்தால வெளிக்கிட்டு 25 வருசத்துக்கு மேல முகாமில இருந்த ஆள் இருப்பார், 1995 ஒக்டோபர் 30 ராத்திரி மழைக்குள்ள யாழ்ப்பாணத்தை விட்டுச் செம்மணி றோட்டால நடந்த ஆள் இருப்பார், வன்னிக்குப் போய் 2009 மே வரைக்கும் அங்கயே நிண்டு வந்த குடும்பம் இருக்கும், 1990 ஒக்டோபர் கடைசியில ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச்சொல்லி அனுப்பப்பட்டு, கன வருசத்துக்குப் பிறகு திரும்பி வந்த முஸ்லிம் குடும்பமும் இருக்கும். அதோட 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளையள், அவையளுக்கு இதெல்லாம் அம்மம்மா சொல்லாம விட்ட கதை.

அதால ஒரு கிழமைக்கு முன்னம் வீடு வீடாப் போங்கோ. பேப்பரில கேள்வி எழுதிக்கொண்டு போகாதேங்கோ, அப்பிடிப் போனா கணக்கெடுக்க வந்தவை எண்டு நினைச்சு வாயைத் திறக்காயினம். "இப்பிடி ஒரு படம் போடப்போறம், இதில பிள்ளையளுக்குப் பசி வாறது, பொம்மர் வந்து குண்டு போடுறது, நீங்கள் வருவியளோ" எண்டு மட்டும் கேளுங்கோ. பதிலிலயே கனக்க விளங்கும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை உள்ள வீடு எது எண்டதைக் கட்டாயம் தெரிஞ்சு வைச்சிருங்கோ, ஏன் எண்டதை 8 ஆம் பகுதியில சொல்லுறன்.

2. நாளையும் நேரத்தையும் குறியுங்கோ

மே 18, நவம்பர் 27 வாற கிழமையள் வேண்டாம். அது சனம் தங்கட ஆக்களுக்கு விளக்குக் கொளுத்திற நாள், அந்த நேரத்தில கொண்டுபோய் ஒரு படத்தை வைக்கிறது சரியில்லை. ஊருக்குள்ள ஆற்றையும் திவசம் அந்தக் கிழமையில வருதோ எண்டும் கேளுங்கோ.

பின்னேரம் மூண்டரைக்குத் தொடங்கி ஆறு மணிக்குள்ள எல்லாம் முடியவேணும். புதுசாச் செய்யிறவை இருட்டினாத்தான் படம் வடிவாத் தெரியும் எண்டு ஏழு மணிக்கு வைக்கினம், பிறகு ஒன்பது மணிக்கு, மனம் கலங்கின ஒரு அம்மா இருட்டு ஒழுங்கைக்குள்ளால தனிய வீட்டை போகவேண்டி வரும், அண்டைக்கு ராத்திரி அவ படுக்கமாட்டா. யன்னலைப் படங்கால மறைச்சாப் பின்னேரத்திலயும் படம் தெரியும். வாசலை மறைக்காதேங்கோ, வெளிச்சம் உள்ள வாறது நல்லம்.

ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை மாரி. தகரக் கூரை எண்டா அந்த மாசங்களில வாசிப்பை மட்டும் வையுங்கோ, படத்தில ஒரு வசனமும் கேளாது.

3. முதல் படம் வேற ஆற்றையும் யுத்தமா இருக்கட்டும்

புதுசாத் தொடங்கிறவை எல்லாரும் செய்யிற பெரிய பிழை இது, முதல் நாளே முள்ளிவாய்க்கால் பற்றினதைப் போடுறது. அப்பிடிப் போட்டாச் சனம் ரெண்டாப் பிரியும், அழுகிற ஆக்கள் ஒரு பக்கம், ஆர் பிழை எண்டு சண்டைபிடிக்கிற ஆக்கள் மற்றப் பக்கம், அடுத்த மாசம் ரெண்டு பகுதியும் வராது. வேற நாட்டுக் கதையெண்டா, பாக்கிறவர் விரும்பினா அதுக்குள்ள தன்ர கதையை வைக்கலாம், விரும்பாட்டி ஜப்பான்காரன்ர கதையாவே விட்டிட்டுப் போகலாம். அந்தத் தெரிவு அவற்றை கையில இருக்கவேணும்.

நான் தொடக்கத்துக்குச் சொல்லுறது 1988 இல வந்த ஜப்பான் படம், 'கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃபிளைஸ்'. 1945 இல கோபே நகரத்துக்குக் குண்டு போடேக்க ஒரு அண்ணனும் சின்னத் தங்கச்சியும் ஒரு இனிப்பு ரின்னோட படுற பாடு. 89 நிமிசம்தான், ஒரே இருப்பில பாக்கலாம். ஒண்டு கவனம், இது கீறின படம், அதால காட்டூன் எண்டு நினைச்சு அஞ்சு வயசுப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வருவினம். நோட்டீசிலயே 14 வயசுக்கு மேல எண்டு போடுங்கோ.

ரெண்டாவதுக்கு, சண்டை முடிஞ்ச பிறகு நடக்கிற கதை ஒண்டு. 1946 இல வந்த அமெரிக்கப் படம் 'த பெஸ்ட் இயர்ஸ் ஒஃப் அவர் லைவ்ஸ்', யுத்தம் முடிஞ்சு வீட்டை திரும்பின மூண்டு பேரின்ர கதை, அதில ஒருத்தருக்கு ரெண்டு கையும் இல்லை. அதில நடிச்சவருக்கு உண்மையிலயே பயிற்சியில நடந்த வெடிப்பில கை ரெண்டும் போனது. மிதிவெடியில கால் போன ஆக்கள் எங்கட ஒவ்வொரு ஊரிலயும் இருக்கினம், அவையள் இந்தப் படத்தைப் பாக்கேக்க மற்ற ஆக்கள் கவனிக்காத விசயங்களைக் கவனிப்பினம், உடுப்புத் தெறி போடுறது, பொம்பிளைப்பிள்ளைக்கு முன்னால கொக்கியைக் கழட்டுறது. கிட்டத்தட்ட மூண்டு மணித்தியாலம் ஓடும், ரெண்டு கிழமையாப் பிரிச்சுப் போடுங்கோ.

மூண்டாவதா மற்றப் பக்கத்து அப்பா ஒருத்தரைப் பாக்கலாம். பிரசன்ன விதானகே 1997 இல எடுத்த 'புரஹந்த களுவர', சிங்களக் கிராமத்தில கண் தெரியாத ஒரு அப்பா, ஆமியில இருந்த மகனெண்டு சீல் வைச்சு வந்த பெட்டிக்குள்ள தன்ர பிள்ளை இல்லையெண்டு நம்புறார். இதை முதல் மாசம் போட்டாச் சனம் ஏத்துக்கொள்ளாது. மூண்டாம் மாசம் போட்டா, முன்வரிசையில இருக்கிற வயசுபோனவை அந்தக் கிழவரைத் தங்கட ஆளாப் பாப்பினம். நான் கண்டது அது.

4. புத்தகமெண்டாச் சின்னதால தொடங்குங்கோ

நாவலைக் குடுத்து வாசிச்சுக்கொண்டு வாங்கோ எண்டு சொன்னா ரெண்டு பேர்தான் வாசிப்பினம். இருக்கிறது ஒரு கொப்பி, வயசுபோனவைக்கு எழுத்துத் தெரியாது, பெடியளுக்கு ரியூசன். அதால கவிதை. 1985 இல வந்த 'மரணத்துள் வாழ்வோம்', 1986 இல பெண்கள் எழுதின 'சொல்லாத சேதிகள்', இந்த ரெண்டு தொகுப்பிலயும் இருந்து நாலு கவிதை எடுத்தாலே ஒரு பின்னேரத்துக்குக் காணும். ஈழத்துப் பழைய புத்தகங்கள் கனக்க நூலகம் இணையத்தளத்தில இலவசமா இருக்கு, எடுத்து எழுத்தைப் பெருசாக்கிப் பிரிண்ட் போடுங்கோ.

பிறகு நாவலில ஒரு துண்டு மட்டும். 1929 இல வந்த ஜெர்மன் நாவல் 'ஆல் குவைட் ஒன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' இல, பெடியன் லீவில வீட்டை வாற பகுதி ஒண்டிருக்கு, தேப்பன் சண்டைக்கதை கேக்கிறார், அவனுக்குச் சொல்ல ஏலாமக் கிடக்கு. அந்தப் பகுதியை ஒருத்தர் தமிழில எழுதி எடுத்து, 20 நிமிசம் சத்தமா வாசிச்சாப் போதும். வாசிக்கிற ஆளுக்கு நாடகக் குரல் வேண்டாம், கடிதம் வாசிக்கிற மாதிரி வாசிக்கட்டும், குரலை நடுங்கப் பண்ணினாக் கேக்கிறவை கதையை விட்டிட்டு அவரைப் பாப்பினம்.

5. தனிய இருந்து முழுசாப் பாருங்கோ, நிமிசத்தைக் குறியுங்கோ

முந்திப் பாத்த படம்தானே எண்டு விடாதேங்கோ. முந்தி நீங்கள் உங்களுக்காகப் பாத்தனீங்கள், இப்ப மற்ற ஆக்களின்ர கண்ணாலயும் காதாலயும் பாக்கவேணும்.

ஒரு கொப்பியில நிமிசம் போட்டு எழுதுங்கோ: பிளேன் சத்தம் எத்தினையாம் நிமிசம், பிள்ளை சாகிறது எத்தினையாம் நிமிசம், பொம்பிளையளுக்கு நடக்கிற கொடுமை வருதோ, தலையாட்டி (முகத்தை மூடிக்கொண்டு ஆமிக்கு ஆளைக் காட்டிக்குடுக்கிறவர்) மாதிரி ஆள்காட்டுற காட்சி இருக்கோ, தற்கொலை இருக்கோ. உதாரணத்துக்கு 2004 இல வந்த குர்திஷ் படம் 'டர்ட்டில்ஸ் கேன் ஃப்ளை' மிதிவெடி கிளப்பி விக்கிற பிள்ளையளின்ர கதை, எங்கட ஆக்களுக்கு நல்லா விளங்கும், ஆனா அது தொடங்கிறதே ஒரு சின்னப் பெட்டை மலையில இருந்து குதிக்கிறதோட. கதிரையில சரியா இருக்க முதலே அந்தக் காட்சி வந்திடும். இது தெரியாமப் போட்டா, சொல்லி முன்னாயத்தப்படுத்த உங்களுக்கு நேரமே கிடையாது.

6. சத்தத்தைச் சரிப்பண்ணுங்கோ

இதைத்தான் நான் ஆகக்கூடச் சொல்லுவன். படத்தைக் கண்ணை மூடித் தப்பலாம், சத்தத்தை என்ன செய்யிறது?

எங்கட சனத்தின்ர காது பழகின காது. ஷெல் குத்துற, அதாவது ஏவுற, சத்தம் வேற, விழுற சத்தம் வேற, குத்தினதைக் கேட்டிட்டு எண்ணிக்கொண்டு பங்கருக்குள்ள இறங்கின ஆக்கள் இவை. ஹெலி, சகடை, கிபிர் எண்டு மேல பறக்கிற எல்லாத்தையும் முகட்டைப் பாக்காமலே பிரிச்சுச் சொல்லுவினம். நான் தொடங்கின புதுசில கலியாண வீட்டுக்கு வாடைக்கு விடுற பெரிய ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைச்சன், படத்தில விமானம் தாழப் பறக்கிற காட்சி வர, பின்வரிசையில இருந்த ஒரு அம்மா சத்தம் போடாமக் கதிரையை விட்டு இறங்கி நிலத்தில குந்தி, பேத்தியின்ர தலையைத் தன்ர மடிக்குள்ள அமத்திப் பிடிச்சுக்கொண்டா. பேத்திக்கு என்ன நடந்ததெண்டே விளங்கேல்லை. நான் அதைக் கண்டது அந்தக் காட்சி முடிஞ்ச பிறகுதான். ஸ்பீக்கரை நான் ஒருக்கா ரெஸ்ற் பண்ணிப் பாத்திருந்தா அது நடந்திராது.

செய்யவேண்டியது இதுதான். பேஸ் மட்டும் வாற தனி ஸ்பீக்கரைக் கழட்டுங்கோ. மிச்ச ஸ்பீக்கரில பேஸைக் குறையுங்கோ, நெஞ்சில அதிர்றது அந்தச் சத்தம்தான், வசனத்துக்கு அது தேவையில்லை. ஸ்பீக்கரைப் பின்னுக்கு வைக்காதேங்கோ, முதுகுக்குப் பின்னால வாற சத்தம் ஆளைத் திடுக்கிட வைக்கும், முன்னால திரைக்குக் கீழ வைச்சா அது படத்துச் சத்தம் எண்டு கண்ணே சொல்லிக்குடுக்கும். குறிச்சு வைச்ச நிமிசம் வரேக்க மெசின் ஆள் கையால சத்தத்தைக் குறைச்சு விடவேணும்.

கரண்ட் நிண்டாலும் இதே பிரச்சினைதான். திடீரெண்டு இருட்டாகி எல்லாரும் அமைதியாகிற அந்த ஒரு நிமிசம் சில பேருக்குப் பொறுக்க ஏலாது, அதால பற்றறி லைற் ஒண்டு பின்னுக்கு எப்பவும் எரிஞ்சுகொண்டு இருக்கட்டும்.

7. வசனம் தமிழில வரவேணும்

இங்கிலீஷ் எழுத்தோட போட்டாப் பாதி ஆக்கள் படத்தை விட்டிட்டுப் பக்கத்தில இருக்கிறவரைக் கேப்பினம். இங்கிலீஷ் வசனக் கோப்பை எடுத்துத் தமிழில நீங்களே எழுதுங்கோ, ரெண்டு பேர் சேர்ந்தா ஒரு கிழமை வேலை. யூனிகோட் தமிழில ரைப் பண்ணி யூரிஎஃப் 8 எண்டு சேமிக்கவேணும், இல்லாட்டித் திரையில பெட்டி பெட்டியா வரும். ஒருக்கா ஓடவிட்டுக் கொம்பும் காலும் பிரிஞ்சு நிக்குதோ எண்டு பாருங்கோ.

ஒரு நேரத்தில ரெண்டு வரிக்கு மேல வேண்டாம், வயசுபோனவை ஆறுதலாத்தான் வாசிப்பினம். முழு வசனத்தையும் மொழிபெயர்க்கவும் தேவையில்லை, விசயத்தை எழுதினாக் காணும். சொல்லு எங்கட சொல்லா இருக்கட்டும். ஷெல், பங்கர், ரவுண்டப் எண்டு எழுதினா உடனை விளங்கும், 'எறிகணை', 'பதுங்குகுழி', 'சுற்றிவளைப்பு' எண்டு எழுதினாச் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும்.

அனுமதி விசயத்தையும் இந்த நேரத்தில பாருங்கோ. படத்தை எடுத்தவையிட்டையோ விநியோகிக்கிறவையிட்டையோ மெயில் போட்டுக் கேளுங்கோ, கனபேர் ஊர் வாசிகசாலை எண்டாக் காசு வாங்காம விடுகினம். கிராம சேவகருக்கும் நிலைய நிர்வாகத்துக்கும் படத்தின்ர பேர் போட்டுக் கடிதம் குடுத்து, வேற ஆரிட்டையும் அனுமதி எடுக்கவேணுமோ எண்டும் கேட்டு வைச்சிருங்கோ. ஆரும் சிவில் உடுப்போட வந்து விசாரிச்சா, பிரதியைக் காட்டிறதுக்கு ஒரு ஆள் வாசலடியில இருந்தா உள்ள இருக்கிற சனம் பதட்டப்படாது.

8. அண்டைக்குப் பின்னேரம்: கதை முழுக்க முதலே சொல்லுங்கோ

முடிவையும் சொல்லுங்கோ, ஆர் சாகினம் எண்டும் சொல்லுங்கோ. பெடியள் இதுக்குக் கோவிப்பினம், சுவாரசியம் போயிடும் எண்டு. நான் விட்டுக்குடுக்கிறதில்லை. அடுத்தது என்ன நடக்குமோ எண்டு நெஞ்சு இடிக்க இருந்த வாழ்க்கையை இந்தச் சனம் போதுமெண்ட அளவு வாழ்ந்திட்டுது. நான் மேல சொன்ன ஜப்பான் படம்கூடத் தொடக்கத்திலயே அண்ணன் ரயில் ஸ்டேசனில சாகிறதைக் காட்டிப்போட்டுத்தான் கதைக்குப் போகுது, அதால ஒருத்தரும் அழாம விடேல்லை.

பிறகு வாசலைக் காட்டுங்கோ. எப்பவும் எழும்பலாம், ஆரிட்டையும் சொல்லத் தேவையில்லை, திரும்பி வரலாம், வராமலும் விடலாம். வெளியில வாசலடி ஆள் பிளேன்ரீயோட நிப்பார். எழும்பி வந்தவரிட்டை "என்ன, ஏலாமப் போச்சோ" எண்டு கேக்கக்கூடாது. தேத்தண்ணியைக் குடுத்திட்டுப் பக்கத்தில சும்மா நிக்கட்டும்.

போனில ஆரும் ஆக்களைப் படம் எடுக்கக்கூடாது எண்டும் சொல்லுங்கோ. அழுகிற முகம் பேஸ்புக்கில வந்தா அந்த ஆள் திரும்ப வாசிகசாலைப் பக்கம் வரமாட்டார்.

இனிக் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையள் உள்ள வீட்டு ஆக்கள். கிளிநொச்சியில 2017 பெப்ரவரி 20 இல றோட்டுக்கரையில இருந்து போராடத் தொடங்கின அம்மாமாரை நினையுங்கோ, அதே மாதிரி அம்மா உங்கட மண்டபத்திலயும் இருக்கலாம். அவவோட கதைக்கேக்க அவவின்ர மகனைப் பற்றி 'இருந்தவர்', 'படிச்சவர்' எண்டு முடிஞ்ச கதையாச் சொல்லாதேங்கோ. அவ எப்பிடிச் சொல்லுறாவோ அப்பிடியே நீங்களும் சொல்லுங்கோ. நான் மூண்டாவதாச் சொன்ன அந்தச் சீல் வைச்ச பெட்டிப் படத்துக்கு அவ வாறதெண்டாக் கதையை முதல் நாளே வீட்டை போய்த் தனியச் சொல்லுங்கோ, வரலாமோ எண்டு அவ முடிவெடுக்கட்டும்.

9. கதைக்கிறதைச் சாமானில இருந்து தொடங்குங்கோ

படம் முடிஞ்ச உடனை மைக்கைத் தூக்காதேங்கோ. லைற்றைப் போட்டு, யன்னல் படங்கைக் கழட்டி, தேத்தண்ணியும் ஒரு வடையும் குடுத்து 15 நிமிசம் விடுங்கோ. உண்மையான கதை பாதி அந்த நேரத்திலதான் நடக்கும், ஒருத்தரோட ஒருத்தர் மெல்லமா.

பிறகு முதல் கேள்வி படத்தில வந்த ஒரு சாமானைப் பற்றி இருக்கட்டும். "உங்களுக்கு அந்த நேரம் என்ன நடந்தது" எண்டு ஒருநாளும் கேக்காதேங்கோ, அது விசாரணை மாதிரி, எங்கட ஆக்கள் விசாரணை கண்டவை. "அந்த இனிப்பு ரின்னை ஏன் கடைசி வரைக்கும் வைச்சிருந்தவை" எண்டு கேட்டுப் பாருங்கோ. எங்கட மண்டபத்தில அந்தக் கேள்விக்கு முதல் வந்த பதில் ஜாம் போத்தில் விளக்கு. அடியில கொஞ்சம் மண்ணெண்ணை விட்டுப் பஞ்சு போட்டு எரிச்ச கதையை ஒரு அய்யா சொல்ல, அடுத்த ஆள் சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டதைச் சொன்னார், இன்னொரு அம்மா இடப்பெயர்வுக்கு வெளிக்கிடேக்க காணி உறுதியைச் சேலைக்குள்ள கட்டினதைச் சொன்னா, ஆரும் கேக்காமலே. ரின்னைப் பற்றிக் கேட்டதுக்குத்தான் இவ்வளவும்.

வட்டமா இருத்தி ஒவ்வொருத்தராச் சொல்லச் சொல்லாதேங்கோ. தன்ர முறை வருமெண்டு பயந்துகொண்டு இருக்கிறவர் மற்ற ஒருத்தற்றை கதையையும் கேக்கமாட்டார்.

எந்த இயக்கம் செய்தது, ஆர் காட்டிக்குடுத்தது எண்டு கதை திரும்பினா நிப்பாட்டச் சொல்லி அதட்டாதேங்கோ, அதுகும் அவையின்ர உண்மை. ஆனாத் திருப்பிப் படத்துக்குக் கொண்டுவாங்கோ, "படத்தில வந்த அந்தக் கிழவருக்கு இதைச் சொன்னா என்ன சொல்லுவார்" எண்டு. மூண்டு தரம் திருப்பியும் ஏலாட்டி, நன்றி சொல்லி முடியுங்கோ.

10. எங்கட யுத்தத்துக்கு வாறது

நாலஞ்சு மாசம் போகட்டும், ஒரே ஆக்கள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கினாத்தான் இது ஏலும். ஒரு புத்தகத்தைத் தனிய வைக்காதேங்கோ, எதிர்ப்பக்கமா நிண்டு எழுதின இன்னொண்டைச் சேர்த்து வையுங்கோ. தனிய வைச்சா வாசிகசாலை ஒரு பக்கம் எடுத்திட்டுது எண்டு பேர் வரும், பாதிச் சனம் வாறதை விட்டிடும்.

வாசிக்க முதல் எழுதினவர் எங்க இருந்து எப்ப எழுதினவர் எண்டதைச் சொல்லுங்கோ. வன்னிக்குள்ள இருந்து எழுதினது, பாரிசிலயோ ரொரன்ரோவிலயோ இருந்து நினைச்சு எழுதினது, கொழும்பில இருந்து எழுதினது, ஒவ்வொண்டுக்கும் தெரியிறதும் தெரியாததும் வேற வேற. எங்கட யுத்தத்தைப் பற்றின 'முறிந்த பனை' எண்ட புத்தகத்தில ஒரு பகுதி வாசிக்கிறதெண்டா, அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் நாலு பேர் இங்க இருந்துகொண்டே எழுதினது எண்டதையும், அதில ஒருத்தரான ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21 இல சுட்டுக் கொல்லப்பட்டவ எண்டதையும் சொல்லாம வாசிக்கக்கூடாது. அந்த விபரம் தெரிஞ்சாத்தான் ஒவ்வொரு வசனத்துக்கும் என்ன விலை எண்டு விளங்கும்.

சனம் குறுக்கிட்டு "அது அப்பிடி நடக்கேல்லை, நான் அங்க நிண்டனான்" எண்டு சொல்லும். அதைத் தடுக்காதேங்கோ. புத்தகத்தில இருக்கிறதையும் அவர் சொன்னதையும் பக்கத்தில பக்கத்தில வையுங்கோ, ஆர் சரியெண்டு நீங்கள் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை.

11. அடுத்த நாள்

எழும்பிப் போனவர், கதைக்காம இருந்தவர், கனக்கச் சிரிச்சவர், இவையளின்ர வீட்டுப் பக்கம் அடுத்த நாள் சும்மா போங்கோ. போன் எடுக்காதேங்கோ, நேர போறது நல்லம். படத்தைப் பற்றித் தொடங்காதேங்கோ, முருங்கைக்காய் காய்ச்சிருக்கோ எண்டு கேட்டாலும் சரி, அவருக்குக் கதைக்கவேணுமெண்டா அவரே வருவார். ரெண்டு மூண்டு நாளா நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கேல்லை எண்டா வைத்தியரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ, யாழ் போதனா வைத்தியசாலையில மனநலப் பிரிவு இருக்கு. 1926 எண்ட தேசிய மனநல இலக்கத்தையும் நிலையத்துச் சுவரில எழுதி வையுங்கோ, நிகழ்ச்சி இல்லாத நாளிலயும் ஆக்களின்ர கண்ணில படும்.

அண்டைக்கே கொப்பியை எடுத்து எழுதுங்கோ: எத்தினையாம் நிமிசம் ஆக்கள் எழும்பினவை, எந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பாத்தவை, எந்தக் கேள்விக்குக் கதை வந்தது, எதுக்கு வரேல்லை. ஒருத்தற்றை பேரும் அதில வரக்கூடாது, ஆர் என்ன சொன்னவை எண்டும் எழுதாதேங்கோ, கொப்பி ஆற்றை கையில போகுமெண்டு சொல்ல ஏலாது. அடுத்த மாசத்துப் படத்தை அந்தக் கொப்பியைப் பாத்துத்தான் தெரிவு செய்யவேணும்.